மலைபடுகடாமும் ஒரு மலை இரவும்



தருமபுரி மண்ணில் இலக்கிய மேடை என்றால், ஔவைக்கு அதியமான் ஈந்த நெல்லிக்கனி இல்லாமல் பேச்சுத் தொடங்குவதில்லை. நானும் அதைக் கொண்டு பலமுறை தொடங்கியிருக்கிறேன். ஈந்த கையைப் புகழ்கிறோம். ஆனால் அக்கனி, பெருமலையின் பிளவொன்றில், ஏறுதற்கரிய உச்சியில் கிடைத்தது என்று புறநானூற்றின் 91ஆம் பாட்டு கூறுவதை விரைந்து கடந்துவிடுகிறோம். ஏறியவர் கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று பதினெட்டாண்டு ஆசிரியப் பணியில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. சென்ற மார்கழியில் சித்தேரி மலையில் ஓர் இரவு தங்கிய பின்னரே அக்கேள்வி எனக்குள் எழுந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனின் செங்கண்மா, அரூருக்கு வடகிழக்கேயுள்ள இன்றைய செங்கம்தான். நூல் போற்றும் நவிரமலையைப் பருவதமலை எனக் கருதுவர். பரிசில் பெற்ற கூத்தன், பெறப் போகும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும். விடிந்த பின் நடங்கள். பரண்மேல் இருப்போர் எறியும் கவண்கல் மேலே பாயும். மரத்தை மறைவாகக் கொள்ளுங்கள். இரவானால் குகையில், சொந்த வீட்டில் புகுந்தாற்போலத் தங்குங்கள். இவ்வாறு வளர்கிறது அவன் அறிவுரை. இவற்றையெல்லாம் மதிப்பெண்ணுக்குரிய வினாவிடையாகவே நான் நடத்தி வந்தேன்.

சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்டது சித்தேரி. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டா. சித்தேரிக்குச் சாலை உண்டு. நாங்களோ, உடன் பணியாற்றும் இரு பெண்களும் மாணவக் கவிஞர் ஒருவரும் நானுமாக, ஒற்றையடிப் பாதையில் சிற்றூர் ஒன்றுக்கு நடந்தோம். காப்புக்காட்டில் வனத்துறையின் இசைவின்றித் தங்கலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்க, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரால் மறக்கவியலும்? ஆதலால் அனுமதி பெற்றே புறப்பட்டோம். ஊரார் ஒருவரின் பட்டா நிலத்தில், சாமைக்கொல்லையை ஒட்டிய பாறையில் படுப்பது என்று முன்னரே பேசிவைத்திருந்தோம்.

முதுகில் சுமை, உண்ண கட்டுச்சோறு. ஏற்றத்தின் பாதியிலேயே என் பாதம் கன்றிவிட்டது. விறலியரின் அடிகளுக்கு இளைத்த நாயின் நாக்கைப் பெருங்கௌசிகனார் உவமையாக்கியதை நயம் என்று பாராட்டியிருக்கிறேன். அது நயமன்று, நேரிற் கண்ட செய்தி. அப்பாட்டில் பெண்களும் நடக்கிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அகப்பாட்டில் தலைவன் இரவில் வரும் வழியின் ஏதங்களைத் தோழி எண்ணி எண்ணிச் சொல்வாளே, அவ்வழியில் நடவாமலா அவளுக்கு அது தெரிந்தது?

பொழுது சாய்ந்தது. பனிமூட்டம் இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நான் முன்னின்று வலப்புறம் காட்டினேன். ஒரு மணி நேரத்திற்குப் பின் பாதையே இல்லை. இருந்தும் நடந்தேன், மூவரையும் நடக்க வைத்தேன். உடன் வந்தவர்களுள் ஒருவர் சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது. நின்று பார்க்கும் எண்ணம் அதற்குப் பிறகே வந்தது. எங்கள் பேச்சொலி கேட்டு மலையாளிப் பெரியவர் ஒருவர் கீழிறங்கி வந்தார்.

“ஏம்மா, வழி தெரியலேன்னா நின்ன எடத்துல நின்னு ஒரு சத்தம் குடுக்கிறதுதானே?”

எனக்கு நா எழவில்லை. குறவரே மயங்கும் குன்றத்தில் அகப்பட்டால் மேலே நடவாதீர், அகன்ற பாறையில் ஒன்றுகூடி உம் இசைக்கருவிகளை முழக்குவீர், காடு காக்கும் கானவர் விரைந்து வருவர் என்று மலைபடுகடாம் கூறும் பகுதியை அவ்வாண்டும் நடத்தி முடித்திருந்தேன்.

“பேட்டரி வெளிச்சத்தைக் கீழ புடிங்க. ராத்திரியில கூட்டமா வெளிச்சம் வந்தா எங்க சனம் இன்னும் பயப்படும்” என்றார். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு பாறைமேல் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை, காதோ ஓயவில்லை. பலா இலையிலிருந்து பனி சொட்டியது. பன்றியை விரட்ட யாரோ தகரம் தட்டினார்கள். அவ்வொலி எதிர்ச்சரிவில் மோதி, எத்திசையிலிருந்து வருகிறதென்று அறியாதபடி திரும்பியது. நரி ஊளையிட்டது. எங்கோ ஒரு கைப்பேசியில் பழைய திரைப்பாட்டு. விடியற்காலையில் ஒரு வீட்டில் உலக்கை விழும் ஓசை. பெருங்கௌசிகனார் ஏன் மலையின் ஒலிகளை அடுக்கி, நூலுக்கும் அதையே பெயராக்கினார் என்பது அப்பாறையில் தெளிந்தது. புலி பாய்ந்த கணவனின் புண்வலி தணிய மனைவி பாடும் பாட்டும், தினை குற்றுவோர் பாட்டும், கரும்பாலையின் ஓசையும் அவ்வடுக்கில் உண்டு. மலையின் ஒலியில் பாதி, மலைமக்களின் ஒலி. நம் வட்டத்தின் தொகுப்புகளிலோ மலை எத்தனை முறை ‘மௌனமாக’ நிற்கிறது! என் கவிதைகள் இரண்டிலும் அவ்வாறே நிற்கிறது. பிறரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

விடிந்ததும் பெரியவர் மலைவிளிம்பில் நின்று அடிவாரத்து ஊர்களை விரல் நீட்டிக் காட்டினார். வாச்சாத்தி இருக்கும் பக்கத்தையும் காட்டினார். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்த ஊர் அது. வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. விளக்கைத் தாழ்த்தச் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கிற்று. இரவில் வரும் வெளிச்சத்தை அஞ்சுவதற்குக் காரணமுள்ள மக்கள். ஆயினும் அயலார் குரல் கேட்டதும் அவர் தடியூன்றி இறங்கி வந்தாரே! கானவர் வருவர் என்று புலவர் உறுதி கூறியதை இனி என்னால் உரைநூல் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

இறங்கும்போது, முதல்நாள் நான் வழி தவறிய பிரிவுக்கு வந்தோம். பின்வரும் புதியவர்கள் அறியுமாறு கவர்த்த வழியில் புல்லை முடிந்து வையுங்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. மாணவக் கவிஞர் ஆர்வத்தோடு உட்கார்ந்து புல்லை முடியலானார். பெரியவர் சிரித்தார்.

“சாயங்காலத்துக்குள்ள மாடு மேஞ்சிடும் தம்பி” என்றவர், கிளையொன்றை ஒடித்து, நான் சென்ற பாதையின் குறுக்கே போட்டார்.