ஊர் எல்லை மாறும்போது உங்க குரலுக்கு என்ன இடம்?



"எங்க ஊராட்சியை மாநகராட்சியோட சேர்க்கப் போறாங்களாமே, எங்களைக் கேட்க வேண்டாமா?" பலரும் கேட்கிற நியாயமான கேள்வி இது. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தால் குடிநீர், சாலை, பாதாளச் சாக்கடை வசதிகள் மேம்பட வாய்ப்பு உண்டு. அதே நேரம் வரிவிதிப்பு மாறும்; கிராம சபை இருக்காது; கிராமப்புற வேலை உறுதித் திட்டமும் அங்கே தொடராது. கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது? மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போர் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டுதான் நகர்ப்புறப் பகுதியை அறிவிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு.

இமாச்சலப் பிரதேசத்தில் கிராமப் பகுதிகளை நகர்ப்புற எல்லைக்குள் சேர்த்தது குறித்த வழக்கில், 1987-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இதனால் மக்களுக்கு வரி போன்ற விளைவுகள் வருவதால், கருத்துச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மகாராஷ்டிராவின் கல்யாண் மாநகராட்சி வழக்கில், வரைவில் இருந்த உல்லாஸ்நகரை இறுதியில் அரசு விலக்கியது. 'மறுபடியும் கருத்துக் கேட்கணுமா?' என்பதுதான் கேள்வி. சட்டம் சொல்லும் நடைமுறையைப் பின்பற்றினால் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால, கருத்துக் கேட்கும் அந்தக் காலக்கெடுவைத் தவற விடாதீங்க.

நம்ம மாநிலத்திலும் ஓர் உதாரணம். 2019-ல் நான்கு மாவட்டங்கள் ஒன்பதாகப் பிரிக்கப்பட்டன. அங்கே வார்டு மறுவரையறையை முடித்த பிறகே உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மற்ற மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. இந்த ஒன்பதில் 2021 அக்டோபரில்தான் நடந்தது.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

முதலில், அரசிதழ் அறிவிக்கையைப் படிங்க. வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பாதீங்க. கடைசித் தேதியை மொபைலில் குறிச்சு வைங்க.

அடுத்து, ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்க. 'வேண்டாம்' என்று மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதுங்க. எத்தனை குடும்பம் விவசாயத்தை நம்பியிருக்கு என்பது போன்ற விவரங்கள் 243-கியூ சொல்லும் அளவுகோல்களோடு நேரடியாகப் பொருந்தும். இணைப்பை ஆதரிக்கிறீங்களா? அதையும் காரணத்தோடு எழுதலாம்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, போட்டோ எடுத்து வைங்க. பின்னாடி வழக்கு என்று வந்தால், 'நான் அப்போதே சொன்னேன்' என்பதற்கு அதுதான் சாட்சி.

கருத்துக் கேட்பது அரசின் கடமை. நேரத்தோடு சொல்வது நம்ம பொறுப்பு.