கார் ஏன் உட்காருகிறது? கம்ப்ரசரை மாற்றுமுன் காற்று போகும் வழியைத் தேட வேண்டும்



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களில் கார் என்பது ஆடம்பரம் அல்ல. தோட்டத்து உட்பாதையில் நின்றால் பேருந்து வந்துவிடாது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடவும், வயதான தாயைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், வேலைக்குப் போகவும் கார்தான் துணை. அந்தக் கார் ஒருநாள் காலையில் வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு அந்த வீட்டின் வேலைகள் அத்தனையும் நின்றுவிடுகின்றன.

இப்படி உட்காருகிற கார்கள் பெரும்பாலும் ஏர் சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டவை. பழைய மெர்சிடிஸ், ஆவ்டி, ரேஞ்ச் ரோவர் ஆகியவற்றில் சில ரகங்கள் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கின்றன. புதிதில் லட்சக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்ற கார், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு புதிய உள்நாட்டுக் காரின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கிறது. நம் இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் காரின் விலை இறங்கிய அளவுக்கு அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

இது புதிய தொல்லையும் அல்ல. அமெரிக்காவில் 1957இல் காடிலாக் எல்டோராடோ புரோகம் கார் காற்றின் மேல் ஓடியது. கசிவுத் தொல்லை தாங்காமல் பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். மெர்சிடிஸ் நிறுவனம் 1961இல் தன் 300 எஸ்.இ. காரில் இதைக் கொண்டுவந்தது. 1998இல் வந்த எஸ் கிளாஸ் காரில் ‘ஏர்மேட்டிக்’ என்ற பெயரில் கணினிக் கட்டுப்பாட்டோடு கொடுத்தது. தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ரப்பர் மட்டும் ரப்பராகவே இருக்கிறது.

ரப்பரைப் பற்றி இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு இந்த நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனை நடவு தொடங்கியது. அதன் பிறகும் பல்லாண்டுகள் இங்கே பால்மரம் சீவிய குடும்பங்கள் ஏராளம். வெயிலும் வயதும் சேர்ந்தால் ரப்பர் இறுகும், வெடிக்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்டது. காரின் காற்றுப் பைக்கும் அதே கதிதான். பையின் மடிப்பில் செம்மண்ணும் மணலும் புகுந்து உராய்ந்தால் அது இன்னும் சீக்கிரம் போகும். 2011இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்தபின் தலைநகர்ப் பயணம் சுகமாகிவிட்டது உண்மை. ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடிக் குழியான கடைசிச் சில மைல்களில்தான் அந்தப் பை அடி வாங்குகிறது.

இதன் வேலை முறை எளிது. கம்ப்ரசர் காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தை ஓர் உலர்த்தி உறிஞ்சிக்கொள்கிறது. வால்வுகள் அடங்கிய ஒரு கட்டை, காற்றை நான்கு மூலைக்கும் பிரித்து அனுப்புகிறது. சக்கரத்தருகே உள்ள சென்சர் கார் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி அதற்கேற்பக் காற்றைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

பையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் என்ன நடக்கும்? கார் இறங்கும். கணினி உடனே கம்ப்ரசரை ஓடச் சொல்லும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் அது ஓடிக்கொண்டே இருக்கும். சூடேறும், உலர்த்தி நனையும், கடைசியில் கம்ப்ரசரே செத்துப்போகும். அப்போதுதான் கார் பட்டறைக்குப் போகிறது. ‘கம்ப்ரசர் போய்விட்டது’ என்று சொல்லிப் புதியது மாட்டுகிறார்கள். பணமும் போகிறது. ஓட்டை அப்படியே இருப்பதால் சில மாதங்களில் புதிய கம்ப்ரசரும் அதே வழியில் போகிறது. கம்ப்ரசரின் சாவு பெரும்பாலும் விளைவுதான். மூலக் காரணம் கசிவு. பணம் கட்டுமுன் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முதல் வேலைக்கு ஓர் அளவு நாடா போதும். இரவில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவைக்க வேண்டும். காலையில் கதவைத் திறக்குமுன் மறுபடி அளக்க வேண்டும். கதவைத் திறந்தாலே சில கார்களில் கணினி விழித்து உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும்.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையிலோ அதன் குழாய் இணைப்பிலோ கசிவு இருக்கலாம். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வுக் கட்டையையும் சந்தேகிக்க வேண்டும். சில ரகங்கள் நின்றிருக்கும்போதே, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் தாமே இறக்கிக்கொள்ளும். அதனால் நான்கும் இறங்கிவிட்டதே என்று நான்கு பைகளையும் மாற்றிவிடக் கூடாது. கசிவே இல்லாமல் கார் எழ மறுத்தால் முதலில் பியூஸ், ரிலே, பேட்டரி மூன்றையும் பார்க்க வேண்டும். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிப் பேட்டரியைக் காலி செய்யும். கம்ப்ரசர் மாற்றும்போது ரிலேவையும் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது சவர்க்கார நீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, கார் உயர்ந்து நிற்கும்போது பையின் மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்தால், காற்று போகும் இடத்தில் நுரை முட்டையிடும். சில நேரங்களில் குற்றவாளி விலை மலிவான ஒரு ரப்பர் வளையமாகவே இருக்கும். கார் கோணலாக நின்றும் நுரை வராவிட்டால் உயரம் காட்டும் சென்சரின் சிறு கையைப் பார்க்க வேண்டும். தோட்டச் சேற்றில் அது இறுகிவிடும், ஒடிந்தும் போகும்.

ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது காட்டும் குறியீடு தீர்ப்பு அல்ல. ‘கம்ப்ரசர் அதிகச் சூடு’ என்று வந்தால், ஏன் சூடேறியது என்ற கேள்வி அதன்பின்தான் தொடங்குகிறது.

இனிச் சொல்லப்போவது உயிர் விஷயம். காற்றை நம்பி எந்தக் காரின் அடியிலும் யாரும் நுழையக் கூடாது. காற்று போனால் ஒன்றரை டன், இரண்டு டன் எடை நொடியில் இறங்கும். ஜாக்கி மட்டும் போதாது; அடியில் உறுதியான ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கி வைக்குமுன் காரின் கையேட்டில் சொன்னபடி சஸ்பென்ஷனை நிறுத்திவைக்க வேண்டும். அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றக் கூடாது. கார் முழுக்க உட்கார்ந்துவிட்டால் அதை ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது. நசுங்கிய பை கிழிந்துவிடும், டயரும் உரசும். தட்டு லோரியில் ஏற்றிப் போவதே செலவு குறைவு.

இரும்பு ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மாற்றலாம், சில குடும்பங்களுக்கு அதுவே கட்டுப்படியாகும். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம், ஓட்டும் சுகமும் மாறும். காரின் அமைப்பையே மாற்றுவதால், பணம் கொடுக்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்தையும் கேட்பது உத்தமம்.

இத்தகைய காரை வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போய், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் கார் நிமிர்ந்துதான் நிற்கும். நிறுத்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் உண்மை தெரியும்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் உழைக்கிறார்கள். பாகத்தை மாற்ற நிறையப் பேருக்குத் தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் வாடிக்கையாளர் ஈஜோக்கிலிருந்தும் வருவார், கிள்ளானிலிருந்தும் வருவார். அளவு நாடாவும் சவர்க்கார நீரும் கொஞ்சம் பொறுமையும் அந்தத் தொழிலின் முதல் மூலதனம். தோட்டத்து வீட்டில் கடன் வாங்கிச் சேர்த்த பணம் தேவையில்லாத கம்ப்ரசருக்குப் போகாமல் காப்பாற்றக்கூடிய கை அந்த இளைஞனின் கைதான்.