பாலைவனத்துக்கு வந்த நீரும் சிறு குடியானவரும்

தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் குடியேறிச் சோற்றோடு ரொட்டிக்கும் பழகிவிட்ட நாம் வாங்கும் கோதுமையிலும் கடுகிலும் ஒரு பகுதி, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் மணல்மேடாகக் கிடந்த நிலத்தில் விளைந்ததாயிருக்கலாம். அந்நிலத்துக்கு நீர் கொணர்ந்தது இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயில் தொடங்கி, 204 கிலோமீட்டர் ஊட்டுக் கால்வாயாகவும், அதன்பின் 445 கிலோமீட்டர் தலைமைக் கால்வாயாகவும் ஓடி, ஜெய்சல்மேர் மாவட்டத்தில் மோகன்கட் அருகே அது முடிகிறது. வேலை தொடங்கியது 1958-இல். அந்நாளில் குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1961 அக்டோபரில் முதல் நீரைத் திறந்துவிட்டார். தலைமைக் கால்வாயின் கடைக்கோடியை நீர் எட்டியது 1987 ஜனவரியில்தான்.

திட்டத்தின் பெருமையைப் பேசுவோர் பலர், அப்பேச்சில் பொய்யில்லை. மழையை நம்பிக் கம்பும் கொத்தவரையும் விதைத்து, மழை பொய்த்தால் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன மக்கள், கோதுமை, பருத்தி, கடுகு, நிலக்கடலை என்று சந்தைப் பயிர்களுக்கு மாறினர். ஆயினும் நாம் கேட்க விரும்புவது சிறியதொரு கேள்வி: அரசாங்கத்திடம் 25 பிகா, அதாவது ஏறத்தாழ 6 ஹெக்டேர், நிலம் பெற்ற குடியானவர் கையில் என்ன தங்கிற்று?

நிலம் கிடைத்த அன்றே வருமானம் கிடைத்துவிடவில்லை. மணல்மேட்டைச் சமப்படுத்த வேண்டும். வயல்வாய்க்கால் வெட்ட வேண்டும். நிலத்தின் விலையைத் தவணை தவணையாய்க் கட்ட வேண்டும். முதல் நல்ல விளைச்சல் வரும்வரை அடுப்பெரியவும் வேண்டுமல்லவா? கைப்பொருள் உள்ளவர் காத்திருந்தார். இல்லாதவர் வட்டிக்கு வாங்கினார், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அதே நிலத்தில் கூலி வேலை செய்தார். பியாஸ் நதியின் பாங் அணைக்காக இமாசலப் பிரதேசத்தில் வீடு வாசல் இழந்தோருக்கும் இங்கேதான் நிலம் தருவதாக உறுதி கூறப்பட்டது. நிலத்திலேயே தங்கிச் சாகுபடி செய்ய வேண்டுமென்பது நிபந்தனை. மலைநாட்டு உழவர் நீரில்லா மணலில் எத்தனை ஆண்டு தங்குவார்? ஒதுக்கீடுகள் பல ரத்தாயின. அவர்களது வழக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

நீர் வந்தபின்னரும் எல்லாருக்கும் ஒரே பலன் கிட்டவில்லை. இங்கு நீர்ப்பங்கீட்டு முறைக்கு 'வாராபந்தி' என்று பெயர். வாரா என்றால் முறை. பந்தி என்றால் நிலையாகக் கட்டப்பட்டது. கோப்புகளில் நாம் அதை 'முறைப்பாசனம்' என்று மொழிபெயர்த்து விடுகிறோம். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டாலும் பொருள் கெடாது. கடைசி இலைக்குப் பாயசம் வந்து சேர்வது அரிது. ஒரு மதகின் கீழ் 400 பிகா நிலம் இருப்பதாகக் கொள்வோம். வாரத்தின் 168 மணி நேரத்தைப் பரப்புக்கேற்பப் பங்கிட்டால் 25 பிகாவுக்குப் பத்தரை மணி வரும். தந்தை காலமாகி நான்கு பிள்ளைகள் பாகம் பிரித்தால், ஒருவருக்கு இரண்டரை மணிக்குச் சற்று மேல். முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவிலேயே மண்வெட்டியுடன் நிற்க வேண்டும்; தவறிய முறைக்கு ஈடு கிடையாது. பங்கிடுவது நேரத்தைத்தான், நீரை அன்று. வாய்க்காலின் வழியெல்லாம் நீர் மண்ணில் கசிவதால், தலைமடைக்காரரின் ஒரு மணியும் கடைமடைக்காரரின் ஒரு மணியும் ஒன்றாவதில்லை. 1974-75-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய ஆயக்கட்டு மேம்பாட்டுத் திட்டம் வயல்வாய்க்கால்களையும் கவனிக்க முற்பட்டதற்குக் காரணம் இத்தகைய குறைகளே.

கசிந்த நீர் எங்கே போகிறது? சில பகுதிகளில் மண்ணுக்கடியில் கடினமான அடுக்கு இருப்பதால் கீழே இறங்காமல் மேலே ஏறி, உப்பையும் கொண்டுவருகிறது. ஹனுமான்கட் மாவட்டத்தில் படோபல் போன்ற ஊர்களில் நல்ல வயல்கள் சதுப்பாயின. வறட்சியால் கெட்டவர் மறுமழைக்குக் காத்திருக்கலாம். உவர் ஏறிய வயலுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

பிற்பட்ட காலத்தில் பாசனப் பரப்பு மேற்கே விரிந்தது. நகரங்களின் குடிநீருக்கும் இக்கால்வாயே ஆதாரமாயிற்று. முதற்கட்டப் பகுதி உழவர் தம் பங்கு குறைவதைக் கண்டனர். 2004-இல் கர்சானா வட்டாரத்தில் நீர் கேட்டுக் கிளர்ச்சி மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கேட்டவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நீர் வரும் என்று நம்பிப் பயிரிட்டிருந்தனர், கடனும் பட்டிருந்தனர்.

இப்போது பலர் வயலின் ஓர் ஓரத்தில் 'டிக்கி' எனப்படும் குட்டை வெட்டி, தம் முறையில் வரும் நீரைச் சேமித்து, தெளிப்பான் மூலம் வேண்டும்போது பாய்ச்சுகின்றனர். ராஜஸ்தான் அரசாங்கம் இதற்கு மானியம் தருகிறது. சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. எனினும் செலவில் தம் பங்கை உழவர் போட்டாக வேண்டும். குட்டை வெட்ட நிலமும் விட வேண்டும். 25 பிகா உள்ளவருக்கு அது ஒரு மூலை. ஆறு பிகா உள்ளவர் அண்டை வயல்காரரோடு சேர்ந்து வெட்டலாமா என்று யோசிக்கிறார்; யார் நிலத்தில் வெட்டுவது என்பதில் பேச்சு நின்றுவிடுகிறது.