இரு மாநிலம், ஒரே மணல்

பாறசாலையிலிருந்து கடலுக்குப் போனால் பொழியூர். கேரளக் கரை அங்கே முடிகிறது. அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாடு.

ஆனி, ஆடியில் அலை மணலை அரிக்கும். மழை ஓய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து போடும். அந்த மணலில்தான் வள்ளம் ஏற்றினார்கள், கரைமடி இழுத்தார்கள், மீன் காயவைத்தார்கள்.

அலை மணலைக் கரையோரமாக அடுத்த ஊருக்கும் நகர்த்தும். நடுவில் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கம் கரை அரிக்கும். நீரோடிப் பக்கம் போட்ட கல்லால்தான் தங்கள் வீடுகள் போயின என்கிறார்கள் பொழியூர்க்காரர்கள். நீரோடிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர்கள் வாசலிலும் கடல் ஏறியதே!

பூவாறில் கடலில் சேரும் நெய்யாறும் மணல் தந்த ஆறுதான். 1958-இல் அதில் அணை வந்தது. பிறகு ஆற்று மணலை லாரியில் அள்ளினார்கள். 2001-இல்தான் அதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் சட்டம் வந்தது.

2024 மார்ச் 31 அன்று கள்ளக்கடல் புகுந்தது. தொலைதூரத் தென்கடலில் கிளம்பிய அலை அது. அகன்ற மணல் இருந்தால் அலை அங்கேயே தளர்ந்துவிடும். மணல் இல்லாத இடத்தில் வீட்டுச் சுவரில் மோதும்.

அடுத்த கல்லைக் கொட்டுமுன் இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து கரையை அளக்க வேண்டும். கிராம சபையில் கேளுங்கள்: இந்தக் கல் யாருக்குப் போகும் மணலைத் தடுக்கும்?