எழுதுகிறவர்களைக் கேட்காமல் பெயரைத் தொடாதீர்கள்

(தமிழ் விக்கிப்பீடியர்கள் கூடலில் ஆற்றிய உரை)



இன்று காலைப் பயிலரங்கு முடிந்ததும், முதல் தொகுப்பைச் செய்திருந்த ஒரு மாணவி கேட்டார்: "விக்கிப்பீடியாவில்தானே சார் எழுதுகிறோம், சான்றிதழில் ஏன் விக்கிமீடியா என்று போட்டிருக்கிறது?" நியாயமான கேள்வி. விக்கிப்பீடியாவையும் அதன் சகோதரத் திட்டங்களையும் நடத்தும், சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை அலுவலகத்துக்கும் இதே கேள்வி எழுந்தது. விக்கிமீடியா என்றால் யாருக்கும் தெரியவில்லை, விக்கிப்பீடியா என்றால் ஊருக்கே தெரிகிறது; ஆகவே அறக்கட்டளைக்கும் இந்த இயக்கம் முழுமைக்கும் விக்கிப்பீடியா பெயரையே சூட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். வோல்ஃப் ஓலின்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தை ஆலோசனைக்கு அமர்த்தினார்கள். 2019-இல் அதைத் திட்டமாகவே வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். இன்றும் எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயரே மாறக்கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். 2002-இல் விக்கிப்பீடியாவின் முகவரி புள்ளி காம் என்று முடிந்தது. விளம்பரம் வரலாம் என்ற பேச்சு அடிபட்டது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எங்கள் உழைப்பை வைத்து யாரும் காசு பார்க்க விடமாட்டோம் என்று, எழுதியதை எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேறி, தனிக் கலைக்களஞ்சியமே தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புள்ளி காம் போய் புள்ளி ஆர்க் வந்தது. அது எழுதுகிறவர்கள் கேட்டு வாங்கிய மாற்றம். அதை வரவேற்கிறேன்.

விக்கிமீடியா என்ற பெயரை வைத்தது யார்? 2003 மார்ச்சில் ஷெல்டன் ராம்ப்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதை முன்மொழிந்தார். நம்மைப் போலவே கட்டுரை தொகுத்துக்கொண்டிருந்தவர். மூன்று மாதம் கழித்து, ஜூனில்தான் அறக்கட்டளையே பிறந்தது. நம்மில் ஒருவர் கொடுத்த பெயரை வாங்கிக்கொண்டு பிறந்த அலுவலகம் அது. அதை மாற்றப் போகும்போது நம்மைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

கேட்டோம் என்கிறார்கள். எப்படிக் கேட்டார்கள்? கலந்தாய்வு நடத்தினோம், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது, எதிர்ப்பு ஒரு சதவீதம்கூட இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். அந்தக் கணக்கு எப்படி வந்தது? செய்தி போய்ச் சேர்ந்து, வாயே திறக்காதவர்கள் எல்லோரையும் எதிர்க்காதவர்களாக எண்ணிக்கொண்டார்கள். இது போதாதென்று, 2020 ஜூனில் ஒரு வாக்கெடுப்புப் படிவம் வந்தது. புதுப் பெயர்களை வரிசையாகப் போட்டு, எது பிடிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். இப்போது இருக்கும் பெயரே இருக்கட்டும் என்று குறிக்க அதில் ஒரு கட்டம் இல்லை. நண்பர்களே, அந்த ஒரு கட்டத்தைப் போடாததற்கு எந்த விளக்கமும் எனக்குப் போதாது! அதே ஆண்டில் எழுதுகிறவர்கள் தாங்களாகவே நடத்திய கருத்துக்கேட்பில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுதினார்கள். பல நாடுகளின் அமைப்புகளும் நூற்றுக்கணக்கான தனிநபர்களும் திறந்த மடலில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அறங்காவலர் குழு பெயர் வேலையை நிறுத்திவைத்தது.

இவர்களுக்குக் கேட்கத் தெரியாதா? தெரியும். 2009-இல் உரிமத்தை மாற்ற வேண்டி வந்தது. நாம் எழுதுவதை யார், எந்த நிபந்தனையோடு எடுத்தாளலாம் என்ற அடிப்படை விஷயம். அதை வாக்குக்கு விட்டார்கள். 17,000-க்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள், முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள், மாற்றினார்கள். பெரிய எதிர்ப்பு இல்லாமல் அது ஏற்கப்பட்டது. உரிமத்துக்குக் கேட்டவர்கள் பெயருக்கு ஏன் கேட்கவில்லை?

காரணத்தைச் சொல்கிறேன், மாணவர்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் காலையில் எழுதிய இரண்டு பத்தியும் உங்களுக்கும் உலகத்துக்கும் சொந்தம். படைப்பாக்கப் பொதும உரிமத்தில் கொடுத்திருக்கிறீர்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். பெயர் அப்படியல்ல. அது அறக்கட்டளையின் பதிவுசெய்த வணிகச் சின்னம். குடியிருந்தவர் சாமானை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகலாம், கதவு எண்ணைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. அதுதான் நம் நிலை.

விக்கிடிராவல் கதை இதற்குச் சாட்சி. 2003-இல் தொடங்கிய பயணக் கையேடு. எந்த ஊரில் எந்தப் பேருந்தில் ஏறலாம், எங்கே தங்கலாம் என்று உலகெங்கும் இருந்து ஆர்வலர்கள் சும்மா எழுதிக் கொடுத்தது. 2006-இல் அதைத் தொடங்கியவர்கள் இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றார்கள். பெயரும் முகவரியும் கைமாறின. ஜெர்மன் மொழிக்காரர்கள் முதலில் வெளியேறி விக்கிவாயேஜ் என்று வேறு பெயரில் எழுதத் தொடங்கினார்கள். 2012-இல் ஆங்கிலத்தில் எழுதியவர்களும் அங்கே போனார்கள். அந்த நிறுவனம் சும்மா இருந்ததா? காசு வாங்காமல் எழுதிய தன்னார்வலர்கள் இரண்டு பேர் மீது வழக்குப் போட்டது! அன்றைக்கு நம் அறக்கட்டளை எழுதுகிறவர்கள் பக்கம் நின்றது, நீதிமன்றத்துக்கும் போனது. 2013 ஜனவரி 15 அன்று விக்கிவாயேஜ் முறையாக நம் குடும்பத்துக்குள் வந்தது. அந்த நாளில் இந்த அறக்கட்டளையை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதே அறக்கட்டளை எட்டு ஆண்டுக்குள் நமக்கு அந்தக் கட்டம் இல்லாத படிவத்தை நீட்டியது என்பதுதான் என் வருத்தம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்த அரங்கில் விக்கிமூலத்தில் வேலைசெய்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். இவர்கள் செய்வதை மற்றவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய ஒரு பழைய நூல். திரையில் ஒரு பக்கம் நூலின் வருடிய படம், இன்னொரு பக்கம் எழுத்துணரி படித்துக் கொடுத்த உரை. எழுத்துணரிக்கு 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. 1978 சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலாக இருந்தால் துதிக்கை போட்ட 'லை'யைக் கண்டு திணறும். இவர்கள் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். திருத்தினால் சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து மறுபடி முழுவதையும் சரிபார்த்தால்தான் பச்சையாகும். அடிக்குறிப்பில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக மஞ்சளிலேயே நிறுத்திவைக்கிறவர்களை எனக்குத் தெரியும். இவர்கள் விக்கிப்பீடியாவுக்கு வேலைசெய்யவில்லை. விக்சனரியில் சொல் சேர்க்கிறவரும் செய்யவில்லை. விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கோயில் கல்வெட்டைப் படமெடுத்து ஏற்றுகிறவரும் செய்யவில்லை. திட்டங்களின் பெயரைத் தொடமாட்டோம் என்று அலுவலகம் சொன்னது உண்மைதான். ஆனால் இயக்கத்துக்கே விக்கிப்பீடியா என்று பெயர் வந்துவிட்டால் இவர்கள் யார்? விக்கிப்பீடியாக்காரர்களின் சின்ன வீட்டுப் பிள்ளைகளா? சம பந்தியில் உட்கார்ந்தவர்களை ஓரத்துக்குத் தள்ளும் பெயர் நமக்கு வேண்டாம்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. துருக்கி 2017 ஏப்ரலில் விக்கிப்பீடியாவைத் தடைசெய்தது. 2020 ஜனவரி வரை திறக்கவில்லை. நம் நாட்டிலேயே 2024-இல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கில், கட்டுரையைத் தொகுத்தவர்களின் விவரத்தைக் கொடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டது. நிலைமை இப்படி இருக்கும்போது, ஊரில் பயிலரங்கு நடத்தும் ஒரு சின்னச் சங்கம் பதிவாளர் அலுவலகத்தில் விக்கிப்பீடியா என்ற பெயரில் பதிவுசெய்துகொண்டால், ஏதோ ஒரு கட்டுரையில் கோபம் கொண்டவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? பொருளாளர் வீட்டுக் கதவை. கட்டுரைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று காவல் நிலையத்தில் நின்று அவர் விளக்க வேண்டும். இரண்டு பெயர் இருப்பது குழப்பம் என்கிறார்கள். அந்தக் குழப்பம் நம் ஆட்களுக்குப் பாதுகாப்பு.

யாருக்கும் தெரியாத பெயர் என்ற வாதத்துக்கு ஒரே பதில்தான். தெரியாவிட்டால் சொல்லிக் கொடுப்போம். காலையில் அந்த மாணவிக்கு விளக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

2020-இல் நிறுத்திவைத்தோம் என்றுதான் சொன்னார்கள். ஆகவே இந்தக் கூடல் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கிறேன். அறக்கட்டளையோ அதன் கிளையோ இனி இயக்கத்தின் பெயரைத் தொடுவதானால், தொகுக்கும் எல்லோரிடமும் வாக்குக் கேட்க வேண்டும். இருக்கும் பெயரே தொடரட்டும் என்ற கட்டம் அந்தச் சீட்டில் முதலில் இருக்க வேண்டும். அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும். பதில் சொல்லாதவர்களை எந்தப் பக்கத்திலும் சேர்க்கக் கூடாது. வரைவை இன்று இரவே தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இடுகிறேன். இரண்டு வாரம் உரையாடுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதே பக்கத்தில், என் கையெழுத்துக்குக் கீழேயே எழுதுங்கள். அதன் பிறகுதான் அது எல்லா மொழி விக்கியர்களும் உரையாடும் மெட்டாவிக்கிக்குப் போகும்.