பிறந்த பிள்ளையின் மூச்சும் குடலும்



பிள்ளை பிறந்ததும் அழ வேண்டும். வீட்டில் எல்லாரும் காது கொடுத்துக் காத்திருப்பது அந்தச் சத்தத்துக்குத்தான். அழுகையைக் கேட்டுச் சிரிப்பது அந்த ஒரு நாளில் மட்டுமே.

ஏன் அழ வேண்டும்? வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுவதில்லை. தாயின் இரத்தத்தில் உள்ள பிராணவாயு தொப்புள் கொடி வழியாக அதற்குப் போகிறது. வெளியே வந்ததும் நுரையீரல் விரிய வேண்டும். அழும்போது அது நன்றாக விரிகிறது.

பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மூச்சு விட உதவி தேவைப்படும். பலருக்கு ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். அப்படியும் மூச்சு வராவிட்டால், முகமூடி வைத்த ஒரு சிறு பையை அமுக்கிக் காற்றுச் செலுத்துவார்கள். இதை முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். அதனால் அதைப் 'பொன்னான நிமிடம்' என்கிறார்கள். பிரசவம் பார்க்கும் நர்சுகளுக்கு இதைக் கற்றுத்தர 2009-இல் இந்திய அரசு தனித் திட்டமே தொடங்கியது.

ஒரு நிமிடம் என்றால் யோசித்துப் பாருங்கள். மன்னார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்குச் சுரம் ஏற எவ்வளவு நேரம்! தேவிகுளம் தாலுகாவில் இடமலைக்குடி இருக்கிறது. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது. அங்கிருந்து நோயாளிகளைத் துணியில் கட்டித் தோளில் தூக்கிவந்த செய்தி எத்தனையோ முறை வந்திருக்கிறது. வலி வந்த பிறகு ஜீப் தேடினால் அந்த ஒரு நிமிடம் வழியிலேயே போய்விடும். நாள் நெருங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்குவதுதான் வழி. எஸ்டேட் லயத்தில் இருப்பவர்களுக்கும் இதுவே. இதில் கூச்சமோ கௌரவமோ பார்க்கக் கூடாது.

பிராணவாயு குறைந்தால் உடல் ஒரு தந்திரம் செய்கிறது. இருக்கும் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. குடலுக்குக் குறைத்துவிடுகிறது. குறைவு நீடித்தால் மூளையும் தப்பாது. பிள்ளைக்கு வலிப்பு வரலாம். பின்னாளில் கை கால் விறைத்துப் போகலாம். குடலின் உள்தோலும் புண்படும்.

குடல் புண்பட்டால் மூளைக்கு என்ன என்று கேட்கலாம். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. பெரும்பாலும் நல்லவை. குடல் சுவர் புண்பட்டால் கெட்ட கிருமிகளின் நஞ்சு இரத்தத்தில் கலக்கும். உடல் முழுதும் அழற்சி உண்டாகும். அது அடிபட்ட மூளையை மேலும் வாட்டும். மூளையையும் குடலையும் இணைக்கும் நரம்பும் உண்டு. எலிக்குஞ்சுகளை வைத்து விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து வருகிறார்கள். மூளை காயத்துக்கு மருந்தாக இது இன்னும் வரவில்லை. யாராவது அப்படிச் சொல்லிப் பொடி விற்றால் வாங்காதீர்கள்.

ஆனால் இரத்தத்தில் கிருமி சேர்வதைத் தடுப்பதில் நல்ல பலன் கிடைத்தது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பிள்ளைகளை வைத்துச் சோதனை நடந்தது. முடிவு 2017-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஏழு நாள் நல்ல கிருமியும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் கொடுத்தார்கள். மற்றவர்களில் நூற்றுக்கு 9 பிள்ளைகளுக்கு இரத்தத்தில் நோய்த்தொற்று அல்லது மரணம் நேர்ந்தது. நல்ல கிருமி பெற்றவர்களில் அது 5 சொச்சமாகக் குறைந்தது. அந்தக் கிருமி புளித்த காய்கறியில் இருக்கும் வகை. அதற்காகப் பிள்ளைக்கு இட்லி மாவுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம்! அது சோதித்து அளந்து கொடுத்த மருந்து.

வீட்டில் செய்யக்கூடியது சீம்பால். அதில் நோய் எதிர்ப்புச் சத்து உண்டு. நல்ல கிருமிகளுக்கு உணவும் உண்டு. "மஞ்சளாக இருக்கிறது, பீச்சி விடு" என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் சேனை வேண்டாம். பொன் உரைத்த தேனும் வேண்டாம். ஒரு வயது வரை தேனே ஆகாது. மூச்சு முட்டிப் பிறந்த பிள்ளையால் உறிஞ்ச முடியாமல் போகலாம். அப்போது டாக்டர் சொன்ன பிறகு, சீம்பாலைச் சுத்தமாகப் பீச்சி அவர்கள் சொல்லும் முறையில் கொடுக்கலாம்.

இன்னொன்று. அழாத பிள்ளை மேல் குளிர்ந்த தண்ணீர் தெளிப்பார்கள். தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். இரண்டும் ஆபத்து. பணக்கார நாடுகளில் இப்படி அடிபட்ட பிள்ளைகளின் உடலை மூன்று நாள் குளிர வைத்துச் சிகிச்சை தருகிறார்கள். அதையே சென்னை உள்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகள் ஏழில் சோதித்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. குளிர வைத்த 202 பேரில் 84 பேர் இறந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்ற 206 பேரில் இறந்தவர்கள் 63. கருவியும் டாக்டரும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், குளிர்ந்த மூணாறில் வீட்டில் வைத்துத் தண்ணீர் தெளிக்கலாமா? துடைத்துத் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்துங்கள்.

மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். நான்கு மாதமாகியும் தலை நிற்காவிட்டால், கை எப்போதும் மூடியே இருந்தால், ஆஷா பணியாளரிடம் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.