ஒருத்தி செலவு, இன்னொருத்தி வருமானம்

(திருவட்டாறில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



காலேஜில் பொருளாதாரம் எடுத்த பிள்ளைகளுக்கு 'பேரியல் பொருளாதாரம்'னு ஒரு பாடம் உண்டு. ஒரு வீட்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் நாட்டின் மொத்தக் கணக்கையும் பார்க்கிற பாடம். பேருதான் பெரிசு. விஷயம் நம்ம ரப்பர் தோட்டத்திலேயே இருக்கு.

2011 ஏப்ரலில் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போச்சு. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்துட்டுது. நம்ம மரத்தில் பால் வற்றியதாலயா? இல்லை. விலை ஏறின காலத்தில் தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் நட்ட மரமெல்லாம் வெட்டுக்கு வந்தது. சீனாவில் தொழில் வளர்ச்சி மந்தமாச்சு. கச்சா எண்ணெய் விலை சரிஞ்சதால் அதிலிருந்து செய்கிற செயற்கை ரப்பரும் மலிவாச்சு.

விலை இறங்கினால் தோட்டக்காரர் வெட்டை நிறுத்துவார். பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. அவர் வீட்டில் புதுத்துணி எடுக்க மாட்டாங்க. கடன் வாங்கித் தையல் மெஷின் போட்ட நம்ம அக்காவுக்கு வேலை வராது. தவணை தவறும். அந்த அக்கா ரப்பர் தோட்டத்துப் பக்கமே போனதில்லை. ஆனாலும் அடி அவங்களுக்கும்தான். ஒருத்தி செலவுதான் இன்னொருத்தி வருமானம்.

பயந்துபோய் எல்லா வீடும் ஒரே நேரத்தில் செலவை இறுக்கினால் எல்லார் வருமானமும் குறையும். இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கியிருக்கார். மந்த காலத்தில் அரசாங்கம் செலவைக் கூட்டணும், வட்டி குறையணும் என்பது அவர் வழி. 2020 கொரோனா சமயத்தில் மத்திய அரசு 100 நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் அறிவிச்சுது. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதமாகக் குறைச்சுது. காரணம் இதுதான்.

அப்போ சேமிப்பு தப்பான்னு கேட்பீங்க. தப்பே இல்லை. பெட்டியில் பூட்டின பணம் அங்கேயே கிடக்கும். குழுவில் போட்ட பணம் உள்கடனாகப் போய், ஒருத்திக்கு ஆடாகவும், ஆடு விற்ற இன்னொருத்திக்கு வருமானமாகவும் மாறும்.

அதனால் மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

1. ஒரு உறுப்பினர் தவணை தவறினால், இது அவங்க ஒருத்தர் கஷ்டமா, ஊர் முழுக்க வந்த கஷ்டமான்னு முதலில் பாருங்க. ஊர்க் கஷ்டம்னா கூட்டத்தில் வைத்துத் திட்டாதீங்க. தவணையை நீட்டித்துத் தீர்மானம் எழுதுங்க.

2. மந்த காலத்தில் உள்கடனை ஒரேயடியாக நிறுத்தாதீங்க. தொகையைக் குறைத்தாவது கொடுங்க.

3. ரப்பர் விலை நல்லா இருக்கும்போது கூடுதலாகச் சேமியுங்க. விலை இறங்கும் நாளில் கைகொடுப்பது அதுதான்.

உலகச் சந்தை விலை நம்ம கையில் இல்லை. ஆனால் குழுப் பணத்தை எப்போ சேர்க்கணும், எப்போ இறக்கணும் என்பது நம்ம கையில் இருக்கு.